இன்னும் யாருக்கும் வைக்காத பேர்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் பாரிசுக்கு வெளியே இருக்கிறது. சமையலறையில் எனக்குக் காய்கறிப் பக்கம். போன வருடம் குளிர் தொடங்குகிற நேரத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு பெண்மணி புதிதாக வந்தார். ஆள் எங்கள் நிறம், எங்கள் சாடை. மதியம் தட்டோடு என் முன்னால் வந்து நின்றபோது சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தேன். பார்த்தவன் அவருக்குப் போடவேண்டிய கரட்டை மேசையில் போட்டுவிட்டேன். அட்டையில் பிரெஞ்சு எழுத்தில் சந்தியாகு என்று இருந்தது.

அது என் அண்ணனுடைய பேர்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த நாட்டுப் பேர்க் கூத்தை முதலில் சொல்லவேண்டும். இங்கே எல்லோருக்கும் குடும்பப்பேர் என்று ஒன்று இருக்கவேண்டும். எங்களுக்கு ஏது அது? அகதி விண்ணப்பம் நிரப்பிய அன்று மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் பேரைத் தூக்கி அந்தக் கட்டத்துக்குள் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அருளப்பு என்ற நான் செத்துப்போய்விட்டேன். மிசியே இன்னாசிதான் உயிரோடு இருக்கிறார். தபால்காரன், பல் டாக்குத்தர், பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிறவன் எல்லோரும் என்னை அப்பாவின் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் ஒருத்தன் இப்படிக் கூப்பிட்டிருந்தால் கை நீண்டிருக்கும்.

மனைவியின் பாடு இதைவிட மோசம். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்லமாட்டார்கள். விசாக் கந்தோரில் முதல் தடவை "மடம் இன்னாசி" என்று கூப்பிட்டபோது இவள் அசையவேயில்லை. மாமா எழுந்து வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் மாதிரி வாசலைப் பார்த்தாள். எங்கள் முறை போய்விட்டது. இன்னொரு நாள் போய் விடியவிடிய வரிசையில் நின்றோம். இப்போது அவள் கூச்சமில்லாமல் மாமனார் பேரில் கையெழுத்துப் போடுகிறாள். என்ன செய்வது, பழகிவிட்டது.

2

கரட்டைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்மணியிடம் பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பேர் ஜோசியான். பிறந்தது ரெயூனியன் தீவில். ஆபிரிக்காப் பக்கம் இந்து சமுத்திரத்தில் கிடக்கிற பிரெஞ்சுத் தீவு அது. அடிமைகளை விடுதலை செய்யவேண்டி வந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல், காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் எங்கள் சனத்தை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அங்கே இறங்கினவர்களுக்கும் என் கதிதான் நடந்திருக்கிறது. ஒற்றைப் பேரோடு போனவனுக்கு அந்தப் பேரையே குடும்பப்பேராக்கிப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒட்டிவிட்டார்கள்.

"எங்கள் ஊர் டெலிபோன் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சந்தியாகுதான்" என்றார் ஜோசியான்.

எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லப் பயந்து வைத்திருக்கிற பேரை அங்கே ஒரு பக்கம் நிறைய வைத்திருக்கிறார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் தன் வேரைக் கண்டுபிடித்துவிடவேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் இருந்தது பழைய கப்பல் பதிவின் ஒரு வரிதான்: பேர் சந்தியாகு, தகப்பன் சூசை, ஊர் மன்னார். தோணியில் காரைக்கால் போய் அங்கே கப்பலேறியிருப்பார் போல.

"மன்னார் பெரிய ஊரா, மிசியே இன்னாசி?"

"சின்னத் தீவு, மடம். நடுவில் நின்று தும்மினால் ரெண்டு பக்கக் கடலுக்கும் கேட்கும்."

"அப்படியென்றால் கண்டுபிடித்துவிடலாம்!"

பாவம், சிரித்துக்கொண்டே சொன்னார்.

தங்கள் வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்கு எப்போதும் ஜோசப் என்றுதான் பேர் வைப்பதாகவும், ஏன் என்று யாருக்கும் தெரியாது என்றும் ஒரு நாள் சொன்னார். எனக்கு உடனே பிடிபட்டது. சூசை என்றால் ஜோசப்தானே. அந்தக் காலத்துச் சந்தியாகு தன் தகப்பன் பேரை மூத்தவனுக்கு வைத்திருக்கிறார். எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். உயிரோடு இருக்கிற ஆளின் பேரை நாங்கள் பிள்ளைக்கு வைக்கமாட்டோம். ஆள் போனபிறகு குடும்பத்தில் பிறக்கிற முதல் ஆண்பிள்ளைக்கு வைத்தே ஆகவேண்டும். கடலில் போன சித்தப்பாவோ, காய்ச்சலில் போன மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. எல்லா ஊரிலும் இப்படியா என்று தெரியாது. எங்கள் குடும்பங்களில் இப்படித்தான்.

ஜோசியான் கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, உடனே கேள்வி வந்தது.

"அவர் கப்பலேறப் புறப்பட்டபோது அப்பா உயிரோடு இருந்தார். ஊர்க் கரையில் நின்று அழுதார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கொஞ்ச வருடத்தில் முதல் பிள்ளை. அப்பா செத்தது அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரிந்திருக்காது, மடம்."

"பிறகு?"

"இனித் திரும்பிப் போக ஏலாது என்று விளங்கியிருக்கும். அதோடு அப்பாவை மனத்துக்குள் அடக்கம் பண்ணிவிட்டார்."

ஜோசியான் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஊரில் இருந்தவர்கள்? அவர்கள் இவரை எப்போது அடக்கம் பண்ணினார்கள்? சந்தியாகு என்ற பேரை அங்கே எப்போது, யாருக்கு வைத்தார்கள்? லீவில் போகும்போது அதைக் கேட்டுவருவீர்களா?"

கேட்டுவருகிறேன் என்றேன். அந்தக் கேள்வி எனக்கும் சொந்தமானது என்று அவரிடம் சொல்லவில்லை.

3

அண்ணனும் நானும் பிறந்தது மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில். அண்ணன் கலியாணம் முடித்து அண்ணியின் ஊரான விடத்தல்தீவுக்குப் போனார். படகு எஞ்சின் திருத்துவதில் கெட்டிக்காரர். பிள்ளைகள் இல்லை. சண்டை அங்கே வந்தபோது எல்லோரோடும் வன்னிக்குள் ஓடினார்கள். கடைசியில் சனம் எல்லாம் இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்த நேரம், வரிசையில் நின்ற அண்ணனைத் தனியே கூப்பிட்டு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணி கண்ணால் கண்டவ. "விசாரிச்சுப்போட்டு விடுவினமாம், நீ முன்னாலை போ" என்று அண்ணன் பஸ் யன்னலுக்குள்ளால் சொன்னாராம். அவ்வளவுதான்.

முகாமிலிருந்து வெளியே வந்த அண்ணி இப்போது எங்கள் ஓலைத்தொடுவாய் வீட்டில் இருக்கிறா. கழுத்தில் தாலி இருக்கிறது. அண்ணனின் படத்தை மட்டையில் ஒட்டிக்கொண்டு, காணாமற்போனவர்களின் குடும்பத்துப் பெண்களோடு தெருவோரம் போய் இருக்கிறவ. எத்தனை கந்தோர், எத்தனை விசாரணை! ஒவ்வொரு இடத்திலும் புருசன் பேர் கேட்பார்கள். அண்ணி சொல்லமாட்டா. அடையாள அட்டைப் பிரதியில் விரலை வைத்து, "இதிலை கிடக்கு, வாசியுங்கோ" என்பா. கோபப்படுகிற ஆட்களும் உண்டு. அதற்கும் அசையமாட்டா. ஒரு கந்தோரில், காணவில்லை என்று ஒரு பத்திரம் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

"காணேல்லை எண்டதுக்கு என்னத்துக்குத் தம்பி கடதாசி? எனக்குத் தெரியாதே காணேல்லை எண்டு?" என்று என்னிடம் போனில் கேட்டா.

இங்கேயும் ஒரு படிவத்தில் 'சகோதரர்: உயிருடன் / இறந்தவர்' என்று இரண்டு பெட்டி இருந்தது. நான் இரண்டையும் விட்டுவிட்டேன். பூர்த்தியாகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அண்ணன் போனபிறகு எங்கள் சொந்தத்துக்குள் எத்தனையோ ஆண்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் சந்தியாகு என்று பேரில்லை. சின்னையாவின் மகன் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தான். அண்ணி சாப்பிட்ட கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனா. அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

4

இந்த வருடம் ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவை ஒட்டி லீவு எடுத்துக்கொண்டு போனேன். மகள் சோபியை வரச்சொன்னேன். வயிற்றில் பிள்ளை, விமானம் ஏற ஏலாது என்றாள். பிள்ளையில்லாத காலத்திலும் வரவில்லை, அது வேறு கதை. அவளுடைய துணைவன் பிரெஞ்சுப் பெடியன். நல்லவன், என் மனைவி வைக்கிற மீன்குழம்பைக் கண்ணீரோடு சாப்பிடுவான். மகளின் தமிழ் ஐந்து வயதோடு நின்றுவிட்டது. கேட்டால் விளங்கும். கதைக்கும்போது பாதியில் இறங்கிப் பிரெஞ்சில் ஏறிவிடுவாள்.

ஜோசியானின் தேடலை முதல் நாளே தொடங்கினேன். பங்குச் சுவாமியிடம் போனேன். அவர் இளைய ஆள், முகம் சுளிக்காமல் கதைத்தார்.

"நீங்கள் சொல்லுற காலத்துப் பதிவு ஒண்டும் இஞ்சை இல்லை, அண்ணை. கொஞ்சம் கறையான், கொஞ்சம் இடம்பெயர்வு. எங்கடை அப்பாவின்ரை ஞானஸ்நானப் பதிவே எனக்குக் கிடைக்கேல்லை."

பிறகு ஓட்டோ பிடித்துப் பேசாலை, வங்காலை என்று சுற்றினேன். சந்தியாகுக்களுக்குக் குறைவில்லை. கோயிலடியில் ஒரு சந்தியாகு, ஐஸ் கம்பனியில் ஒரு சந்தியாகு, பிள்ளையின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு ஒரு சந்தியாகு. எல்லோருக்கும் தாத்தாவின் பேர். அந்தத் தாத்தாவுக்கு முன்னால் யார் என்று கேட்டால் சிரித்தார்கள். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன ஒருத்தரைப் பற்றி எந்த வீட்டிலும் ஒரு சொல்கூட மிச்சமில்லை. ஓட்டோக்காரனுக்கு அலுத்துவிட்டது.

"அண்ணை, ஏதாவது ஒரு வீட்டைக் காட்டி இதுதான் எண்டு சொல்லிவிடுங்கோவன். அந்த மனிசிக்கு என்ன தெரியப்போகுது? சந்தோசமாப் போகட்டும்."

"போடா விசரா" என்றேன். இரவல் சந்தோசம் என்னத்துக்கு என்று அன்று எனக்கு நல்ல வீறாப்பு.

பின்னேரம் அண்ணி இறால் துப்பரவாக்கிக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஜோசியானின் கதையைச் சொன்னேன். கப்பல், கரும்பு, கரையில் நின்று அழுத தகப்பன். அந்தச் சந்தியாகு அங்கே தன் பிள்ளைக்குத் தகப்பன் பேரை வைத்ததையும் சொன்னேன். அண்ணியின் கை நின்றது.

"அப்ப அவர் அங்கை நல்லாத்தான் இருந்திருக்கிறார்?"

"ஓம், பிள்ளை குட்டியோடை."

"இஞ்சை இருந்தவைக்கு அது தெரியாது."

"தெரியாது."

"அவை கன காலம் பாத்துக்கொண்டு இருந்திருப்பினம், என்ன தம்பி?"

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீடியோவில் மகள். பெரியம்மாவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் வயிற்றைக் காட்டிச் சிரித்தாள். பிறகு, எனக்கே சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைத் தன் ஐந்து வயதுத் தமிழில் அவிழ்த்துவிட்டாள்.

"பெரியம்மா, பேபி பெடியன்! பேர் பெரியப்பா பேர். சந்தியாகு! உங்களுக்கு சப்றைஸ்!"

அண்ணி இறால் கையை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தா. "நல்லது பிள்ளை" என்றா. எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினா, கழுவினா, கழுவிக்கொண்டே நின்றா. நான் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து மகளைக் கிழி கிழி என்று கிழித்தேன். "உனக்கு மண்டையிலை ஏதாவது இருக்கோ? அந்தப் பேரை வைச்சா பெரியப்பா செத்துப்போனார் எண்டு நீ சொல்லுறாய். பெரியம்மாவின்ரை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டாய்!"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பப்பா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஊரை அவளுக்குச் சொல்லவேண்டியவன் நான்தானே.

அண்ணியோடு மிச்ச நாட்களில் அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவவும் எடுக்கவில்லை. வெளிக்கிடும்போது பிள்ளைப்பெத்தவளுக்கென்று சரக்குத்தூள் இடித்துப் பொட்டலம் கட்டித் தந்தா.

5

திரும்பி வந்து ஜோசியானிடம் வெறுங்கையை விரித்தேன். மன்னார்க் கடலின் படம் ஒன்றைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அவர்கள் காத்திருந்தார்களா என்றுகூடத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுநாளிலிருந்து அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கரட் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.

கார்த்திகை நடுவில் பிறக்கவேண்டிய பேரன் ஐப்பசியிலேயே பிறந்துவிட்டான். சின்ன உடம்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிள்ளை தேறுமட்டும் ஊருக்குச் சொல்லவேண்டாம் என்று மனைவி சொன்னாள். கெட்ட செய்தியாகப் போய்விட்டால் அண்ணி தாங்கமாட்டா. சரியென்று வாயை மூடிக்கொண்டோம். இங்கே பிள்ளை பிறந்தால் சில நாட்களுக்குள் நகரசபையில் பேர் பதிந்தாகவேண்டும். மருமகன் போய்ப் பதிந்துவிட்டு வந்தான். லியோ மிஷெல். மிஷெல் என்பது அவனுடைய செத்துப்போன தாத்தா.

நான் மகளைப் பார்த்தேன்.

"பெரியம்மாவுக்காகத்தான் மாத்தினனான், பப்பா" என்றாள். "அவவுக்கு நோகக்கூடாது."

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. பிள்ளைக்கு ஊர்ப் பாசம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோனேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு மறுநாள் அண்ணி போன் எடுத்தா. குரல் அடைத்திருந்தது.

"தம்பி, நேற்றுப் பூசையிலை இவரின்ரை பேரைச் செத்த ஆக்களோடை சேத்து வாசிச்சது. சுவாமியிட்டை நான்தான் குடுத்தனான். சேமக்காலையிலை ஒரு குருசும் நட்டாச்சு. கீழை ஒண்டும் இல்லை, மண்தான். எண்டாலும் மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் வேணுமெல்லே. தாலியையும் கழட்டி மாதாவிட்டைக் குடுத்திட்டன்."

"ஏன் அண்ணி?" என்று கத்திவிட்டேன்.

"பிள்ளை ஆசையாய்க் கேட்டது. எனக்கெண்டு வேறை பேரப்பிள்ளை பிறக்கப்போகுதே? நான் விடாட்டி இவரின்ரை பேர் என்னோடையே போயிடும். இனித் தாராளமா வைக்கச் சொல்லுங்கோ."

படம் ஏந்தித் தெருவோரம் இருக்கும் பெண்களிடமும் போய்ச் சொல்லிவிட்டாவாம். இனித் தான் வரமாட்டேன் என்று. சிலர் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"பிள்ளை எப்பிடி, தம்பி?"

"பிறந்திட்டான் அண்ணி. சுகமாயிருக்கிறான்."

"ஐயோ மாதாவே! பேர் வைச்சாச்சோ?"

இடையில் ஒரு கடலும் கண்டமும் கிடந்தது நல்லது. என் முகம் அவவுக்குத் தெரியவில்லை.

"ஓம் அண்ணி. வைச்சாச்சு."

6

மகளிடம் சொன்னபோது அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மறுநாளே நகரசபைக்குப் போனோம். பதிந்த பேரை மாற்றலாம், விண்ணப்பம் போடவேண்டும் என்றார் அங்கிருந்த பெண். மரியாதையான ஆள்தான். நியாயமான காரணம் எழுதி, அதற்கு அத்தாட்சி இணைக்கவேண்டுமாம். நான் என்ன காரணம் எழுத? என் அண்ணன் இறந்துவிட்டார் என்றா? அத்தாட்சிக்கு எங்கே போவேன்? மண்ணில் நட்ட ஒரு குருசுதான் இருக்கிறது. அதைக் கிளப்பிக்கொண்டு வரமுடியுமா? மருமகனுக்கும் தன் தாத்தாவின் பேரை எடுக்க மனமில்லை. அவன்மீது எப்படிக் கோபிப்பது? அவர்கள் வழக்கமும் எங்கள் வழக்கம்தான். லியோ லியோவாகவே இருந்துவிட்டான்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போனால் தயவுசெய்து அண்ணியிடம் ஒன்றும் சொல்லிவிடாதேங்கோ. ஓட்டோக்காரனை விசரன் என்று திட்டிய அதே வாயால் கேட்கிறேன். என்றைக்கோ ஒருநாள் பிள்ளை வளர்ந்து தன் பேரைத் தானே சொல்லும். அன்றைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பிள்ளையைக் காட்டுகிறோம். புருசன் பேரை ஆயுளில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத அண்ணி, கந்தோர் கந்தோராக விரலை வைத்துக் காட்டிய அண்ணி, இப்போது அது பிள்ளையின் பேர் ஆகிவிட்டதால் வாய் நிறையக் கூப்பிடுகிறா. கழுத்து வெறுமையாக இருக்கிறது. முகம் மலர்ந்திருக்கிறது.

"சந்தியாகு! சந்தியாகு ராசா! இஞ்சை பாருங்கோ, அம்மம்மாவைப் பாருங்கோ சந்தியாகு!"

பிள்ளை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். மகள் போனுக்குப் பின்னால் கையை நீட்டி விரலைச் சொடுக்கினாள். அவன் திரும்பினான்.

"பாத்தீங்களே தம்பி," என்றா அண்ணி, "கூப்பிட்ட உடனை திரும்புறான்."

"ஓம் அண்ணி" என்றேன்.